கூண்டுக்குள் என்ன வேலை?

மிருகக்காட்சி சாலைக்கு வருகிற பலருக்குச் சிறு பாலூட்டிகளின் கூடம் என்பது மழைக்கு ஒதுங்குகிற இடம். யானை, புலி, ஒட்டகச்சிவிங்கி எல்லாம் பார்த்துக் கால் ஓய்ந்த பிறகு, நிழலாக ஒரு கட்டடம் இருக்கிறதே என்று உள்ளே வருவார்கள். ஒவ்வொரு கண்ணாடி முன்னாலும் இரண்டு மூன்று நொடி நிற்பார்கள். "ஒண்ணையும் காணோமே" என்பார்கள். குழந்தை கண்ணாடியைத் தட்டும். மறுவாசல் வழியாக வெளியே போய்விடுவார்கள். நான் நேர் எதிர். புலியைப் போகிற போக்கில் ஒரு பார்வை பார்த்துவிட்டு இங்கேதான் வந்து நிற்பேன். கூட வந்தவர்கள் பொறுமை போய் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார்கள். அதுவும் எனக்கு வசதிதான்.

இப்படிப் பார்த்துப் பார்த்து ஒரு கூடத்தை இன்னொன்றோடு ஒப்பிடுகிற பழக்கம் வந்துவிட்டது. ஆர்வலர்கள் பேசிக்கொள்ளும்போது ஒப்பீடு பெரும்பாலும் பட்டியலில் போய் நிற்கும்: அங்கே எத்தனை இனம், இங்கே எத்தனை இனம், வேறெங்கும் இல்லாத எது இங்கே இருக்கிறது. அரிய விலங்கைப் பார்க்கிற ஆசை எனக்கும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கண்ணாடி முன்னால் நிற்கும்போது நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான். இந்த விலங்குக்கு இங்கே செய்வதற்கு என்ன வேலை இருக்கிறது?

சிங்கத்தை வைத்து இந்தக் கேள்வியைக் கேட்க முடியாது. காட்டிலும் அது நாளின் பெரும்பகுதியைப் படுத்தே கழிக்கிறது; கூண்டில் படுத்திருந்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். சின்ன உடம்பின் கணக்கு வேறு. உடம்பு சிறுக்கச் சிறுக்கச் சூடு வேகமாக வெளியேறும். அதை ஈடுகட்ட ஓயாமல் தின்ன வேண்டும். ஐரோப்பியக் காட்டு மூஞ்சூறு ஒரு நாளைக்குத் தன் எடையில் முக்கால் பங்குக்கு மேல் சாப்பிடும். சில மணி நேரம் இரை கிடைக்காவிட்டால் உயிர் போய்விடும். தேடுவது, தோண்டுவது, சுரண்டுவது, முகர்வது, ஓடுவது, இவைதான் அதன் வாழ்க்கை. அப்படிப்பட்ட ஓர் உயிரைக் கொண்டுவந்து, காலையில் ஒரு தட்டில் உணவை வைத்தால் அன்றைய வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். மிச்ச நேரமெல்லாம் அது ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு ஒரே தடத்தில் ஓடும். பார்க்கிறவர்கள் "என்ன சுறுசுறுப்பு!" என்பார்கள்.

இந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தால், எனக்கு முதலிடம் பெறுவது அழகென்று யாருமே சொல்லாத ஒரு விலங்கு. நேக்கட் மோல்-ரேட். கிழக்கு ஆப்பிரிக்காவின் வறண்ட நிலத்துக்கு அடியில் வாழ்கிற, முடியில்லாத வளை எலி. விரல் நீளம், முப்பது நாற்பது கிராம் எடை, சுருங்கிய இளஞ்சிவப்புத் தோல், உதட்டுக்கு வெளியே நீட்டிய நான்கு பல். கூட்டத்தில் ஒரே ஒரு ராணிதான் குட்டி போடும், மற்றவை வேலைக்காரர்கள். எறும்பும் தேனீயும் வாழ்கிற மாதிரி ஒரு பாலூட்டியும் வாழ்கிறது என்று ஜெனிஃபர் ஜார்விஸ் என்கிற ஆய்வாளர் 1981ல் எழுதியபோது உயிரியலாளர்களே ஆச்சரியப்பட்டார்கள். எலி அளவு உடம்புக்கு இரண்டு மூன்று வருட ஆயுள்தான் வழக்கம். இது முப்பது வருடத்தைத் தாண்டும்.

இதற்கான கூண்டைக் கட்டுவது ஒரு வகையில் சுலபம். கண்ணாடிக் குழாய்களை அறைகளோடு இணைத்துச் சுவரில் பதித்து, சூட்டை 30 டிகிரி அளவில் வைத்து, ஈரப்பதத்தைக் காத்தால் போதும். தன் உடல் சூட்டைத் தானே சரியாகப் பிடித்து வைத்துக்கொள்ளத் தெரியாத விலங்கு இது. சூடு குறைந்தால் ஒன்றின் மேல் ஒன்று குவிந்து படுத்துக்கொள்ளும். பல கூடங்கள் இத்துடன் நிறுத்திக்கொள்கின்றன. குழாய்கள் பளிச்சென்று காலியாக இருக்கும், உள்ளே இவை குறிக்கோள் இல்லாமல் போய்வந்துகொண்டிருக்கும். நல்ல கூடத்தில் என்ன செய்கிறார்கள் என்றால், குழாயை அடைத்து வைக்கிறார்கள். மரத்தூள், அட்டை, சோளத்தண்டு, கிழங்கு, எதையாவது திணித்து வழியை மறித்துவிடுவார்கள். அவ்வளவுதான், கூட்டம் முழுக்க உயிர் வந்துவிடும். முன்னால் இருப்பது பல்லால் கடித்துப் பெயர்க்கும். அதன் உதடுகள் பல்லுக்குப் பின்னால் மூடிக்கொள்வதால் வாய்க்குள் மண் போகாது. அடுத்தது பெயர்த்ததைப் பின்னங்காலால் தள்ளிக்கொண்டே பின்னோக்கி ஓடும். முன்னோக்கி ஓடுகிற அதே வேகத்தில் பின்னோக்கியும் ஓடக்கூடிய விலங்கு. உடம்பிலுள்ள தசையில் கிட்டத்தட்ட கால் பங்கு தாடையில்தான் இருக்கிறது என்பதை அந்த நேரத்தில் நம்ப முடியும்.

அப்படி ஒரு குழாய்க்கு முகத்தை ஒட்டி வைத்து நீண்ட நேரம் நின்றிருக்கிறேன். எதிரெதிரே இரண்டு வந்தால் என்ன ஆகும் என்பதைப் பார்க்கத்தான். குழாயில் ஒன்றுக்குத்தான் இடம். ஒன்று வயிற்றைத் தரையோடு ஒட்டிப் படுக்கிறது. மற்றது அதன் முதுகின் மேல் ஏறி நடந்து போகிறது. மேலே போவது அந்தஸ்தில் மூத்தது. கீழே படுத்தது எழுந்து, எதுவும் நடக்காத மாதிரி தன் வழியே போகிறது. கொஞ்ச நேரத்தில் அதே மூத்தது, அறையிலிருந்து வந்த நீண்ட உடம்புக்காரி ஒருத்தியின் கீழே படுத்துக்கொள்கிறது. ராணியைக் கண்டுபிடிக்கப் பலகையில் விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. ஒரு சமூகத்தின் முழு அதிகார வரிசையும் குழாயின் குறுக்களவில் எழுதியிருந்தது. சிம்பன்சித் தீவு முன்னால் ஒரு நாள் நின்றாலும் இவ்வளவு தெளிவாகப் பிடிபடாது.

இன்னொரு விஷயம். இந்த எலிகளுக்குக் கண் பெயருக்குத்தான். ஒலியும் அதிர்வும் மணமும்தான் உலகம். ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனக்கென ஒரு சிணுங்கல் முறை உண்டு, அந்நியரை அதை வைத்தே அடையாளம் காண்கின்றன என்று 2021ல் வந்த ஆய்வு சொன்னது. ஆகவே கண்ணாடியைத் தட்டுகிற விரல் அவற்றுக்கு எப்படிக் கேட்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். சில இடங்களில் குழாய்க்கும் பார்வையாளருக்கும் நடுவே இன்னொரு கண்ணாடியை இடைவெளி விட்டு வைக்கிறார்கள். செலவு அதிகமில்லாத ஏற்பாடு. அதைப் பார்த்தாலே அந்தக் கூடத்தைக் கட்டியவர்கள் மேல் எனக்கு மரியாதை வந்துவிடும். வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் தேசிய மிருகக்காட்சி சாலை இவற்றுக்கு ஒரு நேரலைக் கேமராவே வைத்திருக்கிறது. தூக்கம் வராத இரவுகளில் எனக்கு அது நல்ல துணை.

அடுத்து, இருட்டு. சிறு பாலூட்டிகளில் பெரும்பாலானவை இரவில் உலவுபவை. பகலில் திறந்து மாலையில் மூடுகிற ஒரு நிறுவனத்துக்கு இது அடிப்படையிலேயே சிக்கல். இதற்கு இரண்டு விடைகள் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

முதல் விடை, நேரத்தைத் திருப்பிப் போடுவது. நாம் பார்க்கிற பகலில் உள்ளே விளக்கை மங்க வைத்து இரவாக்குவது. கூடத்தை மூடிய பிறகு வெள்ளை விளக்கைப் போட்டுப் பகலாக்குவது. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 1953ல் திறந்த இரவு விலங்குக் கூடத்தைத்தான் இந்த வகையில் உலகின் முதல் கூடம் என்று சொல்வார்கள். லண்டனில் 1967ல் திறந்த சார்லஸ் க்ளோர் கூடத்தின் அடித்தளத்தில் ஒரு நிலவொளி உலகம் இருந்தது. நியூயார்க்கின் பிராங்க்ஸில் 1969ல் இருட்டுக்கென்றே ஒரு தனிக் கட்டடம் எழுப்பினார்கள். 2009ல் பணமுடையில் அதை மூடி, 2025ல் திரும்பத் திறந்தார்கள். ஃபிராங்க்ஃபர்ட்டில் 1978ல் வந்த கிர்ஜிமெக் கட்டடம் இன்னும் யோசித்துச் செய்தது: பகல் விலங்குகளுக்கு ஒரு பக்கம், இரவு விலங்குகளுக்கு ஒரு பக்கம். ஒரே கூரையின் கீழே இருபத்து நான்கு மணி நேரமும் நடக்கிறது. அமெரிக்காவின் ஒமாஹாவில் 2003ல் பாலைவன விலங்குகளை வைத்த குவிமாடத்துக்கு அடியில் குகை, சதுப்புநிலம் என்று இருட்டிலேயே ஒரு நிலப்பரப்பை விரித்துவிட்டார்கள்.

இரண்டாவது விடை, விலங்கின் நேரத்தை விட்டுவிட்டு மனிதரின் நேரத்தை மாற்றுவது. 1994ல் தொடங்கிய சிங்கப்பூர் நைட் சஃபாரி அதைத்தான் செய்தது. இருட்டிய பிறகு வா, வந்து பார் என்று சொல்லிவிட்டது. கொள்கையளவில் இதைவிட நேர்மையான ஏற்பாடு இல்லை. வெளிக்காற்று, உண்மையான இரவு, உண்மையான ஈரம். ஆனால் பெரிய விலங்குகளுக்குத்தான் இது பொருந்துகிறது என்பது என் எண்ணம். வண்டியில் போகும்போது மங்கிய ஒளியில் ஒரு கடமான் நிற்பது மனத்தில் பதிகிறது; கட்டை விரல் அளவு உயிரெல்லாம் அந்தப் பரப்பில் கரைந்துவிடும். விதிவிலக்கு, உள்ளே நடந்து போகிற மாதிரி வலை போட்ட கூண்டில் இருக்கும் பறக்கும் அணில்கள். தலைக்கு மேலே ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்குச் சத்தமே இல்லாமல் ஒரு துணி விரித்த மாதிரி அது போனால், அந்த அணிலுக்கு இங்கே வேலை இருக்கிறதா என்று கேட்க வேண்டியதே இல்லை. தாவுவதற்கு உயரமும் தொலைவும் கொடுத்திருக்கிறார்கள், அது தாவுகிறது.

திருப்பிப் போட்ட இரவுக்கு வருவோம். அங்கே எல்லாவற்றையும் தீர்மானிப்பது விளக்கின் நிறம். சிவப்பா, நீலமா? பார்வையாளரைக் கேட்டால் நீலம் என்பார்கள். நிலவொளி மாதிரி இருக்கும், புகைப்படமும் நன்றாக வரும். விலங்கின் கண்ணைக் கேட்டால் கதை வேறு. இரவுப் பாலூட்டிகள் பெரும்பாலானவற்றின் கண்ணில் சிவப்பை உணர்கிற அமைப்பு மிகக் குறைவு. சிவப்பு விளக்கு அவற்றுக்கு ஏறக்குறைய இருட்டு. நீல ஒளியோ பகலை அறிவிக்கிற ஒளி. இரவில் உடம்பு சுரக்கிற மெலடோனினை அடக்குவது அதுதான். கிளீவ்லேண்ட் மிருகக்காட்சி சாலை ஆய்வாளர்கள் தேவாங்கு மாதிரியான இரவுக் குரங்கினங்களை இரண்டு ஒளியிலும் வைத்துப் பார்த்தபோது, சிவப்பில் அவை கூடுதலாக நடமாடின. நீலத்தில் நடமாட்டமும் குறைந்தது, மெலடோனினும் குறைந்தது. அதற்குப் பிறகும் புதிதாகக் கட்டுகிற கூடங்களில் நீல விளக்கைப் பார்க்கும்போது, இது யாருக்காகக் கட்டியது என்று தெரிந்துவிடுகிறது.

நம் கண்ணும் பாவம். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு வந்தால் முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். அவ்வளவு நேரம் யாரும் காத்திருக்க மாட்டார்கள். அதனால்தான் நல்ல கூடங்களில் நுழைந்ததும் விலங்கு எதுவும் இருக்காது. வளைந்து வளைந்து போகிற ஓர் இருட்டு நடை இருக்கும். அந்த நடையைக் குறைத்து, இடத்தை மிச்சம் பிடித்து, அதில் இன்னும் இரண்டு கண்ணாடிப் பெட்டி வைத்த ஒரு கூடத்தை எனக்குத் தெரியும். அங்கே எல்லோரும் கைப்பேசி விளக்கைப் போட்டுக்கொண்டுதான் நடக்கிறார்கள். ஒரு தேவாங்கு முகத்தைக் கையால் மூடி, கிளையோடு கிளையாக ஒடுங்கிக் கிடந்தது.

தேவாங்கைப் பற்றிச் சொன்னால் பிசினைப் பற்றியும் சொல்ல வேண்டும். தென்கிழக்கு ஆசியாவின் சிறு தேவாங்குக்கு மரப்பிசின்தான் முக்கிய உணவுகளில் ஒன்று. பட்டையைப் பல்லால் சுரண்டிக் குழி போடும், பிசின் ஊறும், நக்கும், மறுநாள் அதே குழிக்கு வரும். வெகு காலமாக மிருகக்காட்சி சாலைகளில் இவற்றுக்குப் பழத்தைத் துண்டு போட்டுக் கொடுத்துவந்தார்கள். விளைவு, கொழுத்த உடம்பும் கெட்டுப்போன பல்லும். இப்போது பழத்தைக் குறைத்து, கிளையில் துளை போட்டு அதில் பிசினை நிரப்பி வைக்கிறார்கள். உணவும் சரியாகிவிட்டது, வேலையும் கிடைத்துவிட்டது. இதைப் பார்க்கப் பெரிய கண்ணாடி தேவையில்லை. துளை போட்ட கிளை கண்ணாடியிலிருந்து ஒரு முழத்துக்குள் இருந்தால் போதும். மிச்சக் கூண்டை இலையால் அடைத்துவிடலாம். விலங்கு ஒளிந்துகொள்ள இடம் கொடுத்தால் கண்ணில் படாது என்று நிர்வாகங்கள் பயப்படுகின்றன. நான் பார்த்தவரை தலைகீழ்தான். ஓடி ஒளிய இடம் பக்கத்திலேயே இருக்கிறது என்று தெரிந்த விலங்குதான் தைரியமாக வெளியே வருகிறது.

வேலையைக் கூண்டுக்குள் கொண்டுவருவதில் உச்சம் என்று நான் நினைப்பது அய்-அய்க்குச் செய்திருப்பதைத்தான். மடகாஸ்கரின் இந்த லெமூரின் நடுவிரல் மட்டும் எலும்புக்கு மேல் தோல் போர்த்திய குச்சி. அந்த விரலால் மரத்தைத் தட்டும், பெரிய காதுகளை முன்னால் குவித்துக் கேட்கும், உள்ளே பொந்து இருக்கிற இடம் தெரிந்ததும் பல்லால் மரத்தை உடைத்து, அதே விரலை விட்டுப் புழுவை இழுக்கும். விலங்குகளைப் பற்றி எழுதிப் புகழ்பெற்ற ஜெரால்ட் டரல் 1990ல் மடகாஸ்கருக்குப் போய் இவற்றை ஜெர்சித் தீவிலுள்ள தன் காட்சிச்சாலைக்குக் கொண்டுவந்தார். அய்-அய்க்குத் தட்டில் புழுவை வைத்தால் அதன் காதுக்கும் பல்லுக்கும் விரலுக்கும் ஒரு வேலையும் இல்லை. அதனால் பராமரிப்பாளர்கள் மூங்கிலிலும் கட்டையிலும் புழுவை ஒளித்து வைக்கிறார்கள். அதை வேலை செய்கிற நேரத்தில் பார்க்க வாய்த்தால் கண்ணைவிடக் காது முக்கியம். டக் டக் டக் என்று வேகமான தட்டல், ஒரு நிறுத்தம், அப்புறம் மரம் பிளக்கிற சத்தம். உருவம் தெரியாவிட்டாலும் என்ன நடக்கிறது என்று புரியும். கூடத்துக்குள் ஒரு மைக்கை வைத்து அந்தச் சத்தத்தை வெளியே ஒலிபரப்பினால் என்ன என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

ஒரு வேலை கண்ணுக்கே தெரியாது என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. மர மூஞ்சூறு. அணில் மாதிரி இருக்கும், பகலில் பரபரவென்று ஓடும், பார்வையாளருக்குப் பிடிக்கும். ஒரு காலத்தில் இவற்றைக் கூண்டில் வளர்த்தவர்கள் திணறினார்கள். குட்டி போட்ட கையோடு பெற்றோரே குட்டிகளைத் தின்றுவிடும். காரணத்தை 1960களில் ராபர்ட் மார்ட்டின் என்கிற ஆய்வாளர் கண்டுபிடித்தார். தாய் தன் குட்டிகளோடு படுப்பதே இல்லை. குட்டிகளுக்கு ஒரு கூடு, பெற்றோருக்கு வேறு கூடு. நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தாய் வரும், சில நிமிடங்களில் வயிறு முட்டப் பால் கொடுக்கும், போய்விடும். ஒரே ஒரு கூட்டுப் பெட்டி வைத்த கூண்டில் இந்த ஏற்பாடு எப்படி நடக்கும்? ஆகவே மர மூஞ்சூறு கூண்டைப் பார்த்தால் நான் முதலில் விலங்கைத் தேட மாட்டேன், பெட்டியை எண்ணுவேன். ஒன்றுதான் இருந்தால் அங்கே படித்தவர் யாரும் இல்லை என்று எடுத்துக்கொள்வேன்.

செங்கி என்கிற யானை மூஞ்சூறுகளுக்கும் இப்படி ஒரு தனிக் கணக்கு உண்டு. மூக்கு நீண்டிருப்பதால் வந்த பெயர் என்றாலும், இவை உண்மையில் மூஞ்சூறை விட யானைக்குத்தான் நெருங்கிய உறவு. மரபணு அதைத்தான் சொல்கிறது. கிழக்கு ஆப்பிரிக்காவின் ஒரு வகைச் செங்கி தன் எல்லைக்குள் ஓடுபாதைகளை வைத்திருக்கும். தினமும் அந்தப் பாதையிலே போய், விழுந்த குச்சியையும் சருகையும் முன்னங்காலால் தட்டித் தள்ளிச் சுத்தம் செய்யும். எதிரி துரத்தினால் அந்தப் பாதையில்தான் தப்பிக்க வேண்டும். ஒரு குச்சி தடுக்கினால் கதை முடிந்தது. ஆனால் பல கூடங்களில் செங்கியின் தரையைப் பராமரிப்பாளரே தினமும் பெருக்கி மணலைச் சமன் செய்து வைத்துவிடுகிறார். செங்கியின் வேலையை மனிதர் பறித்துக்கொண்டார் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு கூடை சருகைக் கொட்டிவிட்டுச் சும்மா இருந்தாலே போதும், பாதையை அதுவே போட்டுக்கொள்ளும். நீளமும் வேண்டும். உயரமான அழகான பெட்டியால் இதற்குப் பிரயோசனம் இல்லை. தரை நீளமாக, நடுவில் கல்லும் கட்டையுமாக இருந்தால்தான் ஓட்டம் ஓட்டமாக இருக்கும்.

மீர்கேட் என்கிற ஆப்பிரிக்கக் கீரி வகையைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. எல்லா ஊரிலும் இருக்கிறது, எல்லோருக்கும் பிடித்திருக்கிறது, குழந்தைகள் தலையை நீட்டிப் பார்க்கக் கண்ணாடிக் குமிழி வைத்திருக்கிறார்கள். என் குறை தரையைப் பற்றியது. மேலே அரை அடி மணல், கீழே காங்கிரீட். தோண்டிப் பிழைக்கிற விலங்கு தோண்டும், காங்கிரீட்டைத் தொடும், நிறுத்தும், பக்கத்தில் போய்த் தோண்டும். சுரங்கம் போட்டு வேலிக்கு வெளியே வந்துவிடக் கூடாது என்கிற கவலை புரிகிறது. அடியில் வலையைப் போட்டுவிட்டு மேலே ஆள் உயரத்துக்கு மண் நிரப்பலாமே? காவல் நிற்கிற ஒன்று மட்டும் எங்கேயும் தன் வேலையைச் செய்கிறது. பருந்து வராத வானத்தைப் பார்த்து, போகிற விமானத்துக்கெல்லாம் எச்சரிக்கை கொடுத்துக்கொண்டு.

விலங்கின் வேலையைப் புரிந்துகொள்ளாமல் அதன் புகழை மட்டும் நம்பி வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கு நியூயார்க் பிளாட்டிபஸ்களின் கதை பழைய சாட்சி. வாத்து மாதிரி அலகும், முட்டையிடுகிற வழக்கமும் உள்ள ஆஸ்திரேலியப் பாலூட்டி அது. ஆஸ்திரேலியாவின் ஹீல்ஸ்வில் சரணாலயத்தில் டேவிட் ஃப்ளே என்பவர் 1943ல் முதன்முதலாக அடைப்பில் ஒரு பிளாட்டிபஸ் குஞ்சு பிறக்க வைத்தார். 1947ல் அவரே மூன்றை பிராங்க்ஸுக்குக் கொண்டுபோனார். ஒன்று சீக்கிரமே இறந்தது. மிச்சம் சிசில், பெனலோப் என்ற இரண்டு. 1953ல் பெனலோப் வளைக்குள்ளேயே அடைந்து கிடக்க, முட்டை வைத்துவிட்டது என்று ஊரே நம்பியது. உணவை இரட்டிப்பாக்கினார்கள். பத்திரிகைக்காரர்கள் கூடி நிற்க வளையைத் தோண்டினால், உள்ளே பெனலோப் மட்டும் சௌகரியமாக இருந்தது. 1957ல் அது ஒரு நாள் காணாமலே போய்விட்டது. சில வாரங்களில் சிசிலும் இறந்தது. அடுத்து 1958ல் வந்தவையும் நிலைக்கவில்லை. ஹீல்ஸ்விலிலேயே இரண்டாவது முறை இனப்பெருக்கம் நடக்க 1998 வரை ஆனது. ஆஸ்திரேலியாவுக்கு வெளியே இப்போது சாண்டியேகோ சஃபாரி பூங்காவில் மட்டும் பிளாட்டிபஸ் இருக்கிறது, 2019லிருந்து.

பிளாட்டிபஸ் கூடம் என்றால் தண்ணீர்த் தொட்டிதானே என்று நினைப்போம், பார்வையாளருக்குத் தெரிவதும் அதுதான். விலங்குக்குத் தேவை தொட்டியோடு சேர்ந்த வளை. தண்ணீரிலிருந்து ஏறி, இறுக்கமான மண் வளைக்குள் நுழையும்போது மண் அதன் ரோமத்தைப் பிழிந்து ஈரத்தை எடுத்துவிடும். அகலமான மரப்பெட்டி வைத்தால் அது நனைந்தபடியே படுத்துக் குளிரில் நலிந்துபோகும். ஹாரி பரல் என்கிற ஆஸ்திரேலியர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதைக் கவனித்து, செயற்கை வளையின் வழியில் ரப்பர் பட்டைகளை வைத்துப் பிளாட்டிபஸைப் பிழிந்து அனுப்பினார். யார் கண்ணிலும் படாத அந்த ரப்பர் பட்டைதான் அந்தக் கூண்டின் உயிர்.

அலங்குக்கு, அதாவது செதில் போர்த்த எறும்புத்தின்னிக்கு, நேர்ந்ததும் ஏறக்குறைய இதேதான். எறும்பையும் கறையானையும் தவிர வேறு எதையும் தின்னாத விலங்கைக் காட்சிச்சாலையில் வைத்தால் சில மாதங்களில் செத்துப்போகும் என்பதே நெடுநாள் அனுபவம். தைப்பே மிருகக்காட்சி சாலை பொறுமையாக உட்கார்ந்து ஒரு கலவையை உருவாக்கியது: தேனீப் புழு, முட்டை மஞ்சள் கரு, ஆப்பிள், இன்னும் சில. அங்கிருந்து 2022ல் பிராக் நகரத்துக்கு ஒரு ஜோடி போனது. 2023 பிப்ரவரியில் அவற்றுக்கு ஒரு குட்டி பிறந்தது. ஐரோப்பாவில் அடைப்பில் பிறந்த முதல் அலங்கு. தாய்க்குப் பால் போதாமல் போகவே பூனைப்பால் கொடுத்துத் தேற்றினார்கள். இதிலும் பார்வையாளர் காண்பது மிகக் கொஞ்சம், உருண்டு படுத்த ஒரு செதில் பந்து. ஆனால் கலவையைத் தட்டில் வைக்கிறார்களா, நாக்கை நீட்டித் துழாவுகிற மாதிரி கட்டைப் பொந்துக்குள் வைக்கிறார்களா என்று கவனித்தால் அந்தக் கூடத்தின் தரம் தெரிந்துவிடும்.

வௌவால்களுக்கு நீளம் வேண்டும், அவ்வளவுதான். நேராகக் கட்ட இடமில்லையா, வட்டமாகக் கட்டுங்கள், சுற்றிச் சுற்றிப் பறக்கட்டும். ஜெர்சியில் ரோட்ரிகஸ் தீவுப் பழவௌவால்களுக்கு நீண்ட சுரங்கம் மாதிரி ஒரு கூண்டு இருக்கிறது. 1970களில் நூறு கூட மிஞ்சாத இனம். கண்ணாடிப் பெட்டிக்குள் தலைகீழாகத் தொங்குகிற வௌவாலைக் கண்டால் நான் நிற்பதே இல்லை.

கடைசியாக, என் அளவுகோலுக்குள் அடங்காத ஓர் ஆள். டென்ரெக். மடகாஸ்கர்காரர், பார்த்தால் முள்ளெலி, உறவில் முள்ளெலிக்குச் சம்பந்தமே இல்லை. ஒரு வகை ஒரே ஈற்றில் முப்பது குட்டி வரை போடும். கோடு போட்ட இன்னொரு வகை முதுகு முட்களை உரசி ஒலி எழுப்பித் தன் குடும்பத்தோடு பேசும். இவ்வளவு திறமையும் இருக்க, வறண்ட குளிர்காலம் வந்தால் மாதக்கணக்கில் அசையாமல் கிடக்கும். உடம்பு குளிர்ந்து, மூச்சு அரிதாகி, கல் மாதிரி. காட்சிச்சாலையில் பிறந்ததும் அப்படித்தான். அந்த மாதங்களில் அதற்கு இருக்கிற ஒரே வேலை ஒன்றும் செய்யாமல் இருப்பது.

இங்கேதான் நிர்வாகங்கள் தடுமாறுகின்றன. டிக்கெட் வாங்கியவர் காலிப் பெட்டியைப் பார்த்துவிட்டுப் போகக் கூடாது என்று, சிலர் சூட்டை ஏற்றி விலங்கைத் தூங்கவே விடுவதில்லை. சிலர் கூட்டுப் பெட்டியின் ஒரு பக்கத்தைக் கண்ணாடியாக்கி, தூங்குகிறதை விளக்குப் போட்டுக் காட்டுகிறார்கள். எனக்கு இரண்டும் உடன்பாடில்லை. பெட்டிக்குள் ஒரு சிறு கேமராவை வைத்து, வெளியே திரையில் சுவாசம் எண்ணிக் காட்டுங்கள். அதற்கும் வசதியில்லையென்றால் ஒரு பலகை எழுதி மாட்டுங்கள்: தூங்குகிறது, இன்ன மாதம் எழும். வர விரும்புகிறவர்கள் அந்த மாதம் வரட்டும்.